ஒரு சாஃப்ட்வேர், பல ஓ.எஸ்.!



லேத், மில்லிங், சி.என்.சி. என்று இரவு பகலாக ஓடும் நம் ஓசூர் சிப்காட்டில் எந்தப் பெரிய தொழிற்சாலைக்குள் போனாலும், ஏ.சி. போட்டுப் பூட்டி வைத்த ஓர் அறை இருக்கும். அதுதான் சர்வர் ரூம். ஸ்டோர்ஸ் இருப்பு, சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு, டெஸ்பாட்ச் என்று ஆலையின் கணக்கெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போனாலோ, அறை என்பது மாடிக்கணக்காகிவிடும். கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நம்மில் பலர் டிப்ளமோ முடித்ததும் முதல் வேலைக்குப் போய் நிற்கப்போவது இந்த இரண்டில் ஓர் இடத்தில்தான்.

அங்கே நமக்குக் கிடைக்கும் முதல் வேலைகளில் ஒன்று இப்படி இருக்கும்: "தம்பி, புது சர்வர் வந்திருக்கு. ஓ.எஸ். போட்டுடு." ஓ.எஸ். என்றால் ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது முதலாண்டு மாணவருக்கும் தெரியும். ஆனால் அதை ஆள் உட்காராமலே போடும் சாஃப்ட்வேர்கள் உண்டு. ஒரே ஓ.எஸ். மட்டும் போடத் தெரிந்த அப்படிப்பட்ட சாஃப்ட்வேருக்கு இன்னொன்றைக் கற்றுக்கொடுப்பது தனியொரு தொழில். அது ஏன் தேவைப்படுகிறது, எப்படி நடக்கிறது என்பதை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையால் போட்டால் என்ன?

"இதுக்கு எதுக்குப்பா தனி சாஃப்ட்வேர்? பென் டிரைவைச் சொருகினோமா, நெக்ஸ்ட், நெக்ஸ்ட் அடிச்சோமா, முடிஞ்சுதா!" என்று கேட்கத் தோன்றும். ஒரு மெஷின் என்றால் சரிதான். ஐம்பது வந்தால்? ஒன்றுக்கு 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 50 சர்வருக்கு 2,000 நிமிடம். அதாவது 33 மணி நேரத்துக்கும் மேல்.

நேரம் போனால் போகட்டும். பதினேழாவது மெஷினில் கை அசந்து டைம் ஜோனை மாற்றிப் போட்டிருப்போம். முப்பதாவதில் ஒரு பார்ட்டிஷன் சின்னதாகியிருக்கும். ஆறு மாதம் கழித்து அந்த ஒரு சர்வர் மட்டும் படுத்துக்கொள்ளும்போது, மற்றவை நன்றாக ஓட இது மட்டும் ஏன் இப்படி என்று யாருக்கும் புரியாது. ஐம்பதும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்க வேண்டும். தானியங்கி நிறுவலின் முதல் பயன் அதுதான். நேர மிச்சம் இரண்டாவதுதான். ஜிக், ஃபிக்ஸ்சர் இல்லாமல் ஒரே மாதிரி ஆயிரம் துளை போட முடியுமா என்று நம் மெக்கானிக்கல் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள்!

ஆள் இல்லாமல் எப்படி நடக்கிறது?

புது சர்வரின் டிஸ்க் காலியாக இருக்கிறது. பென் டிரைவும் இல்லை. பின் ஓ.எஸ். எங்கிருந்து வரும்? நெட்வொர்க் கேபிள் வழியாகத்தான். இதற்கு இன்டெல் நிறுவனம் 1990களில் வகுத்த முறைக்கு பி.எக்ஸ்.இ. என்று பெயர். அதன் 2.1 பதிப்பு 1999 செப்டம்பரில் வெளிவந்தது. இன்றும் சர்வர்களின் நெட்வொர்க் கார்டுகளில் இது இருக்கிறது. நடப்பது இதுதான்:

1. சர்வரை ஆன் செய்ததும் நெட்வொர்க் கார்டு, "எனக்கு என்ன அட்ரஸ்?" என்று லேன் முழுவதும் கேட்கும். இது டி.எச்.சி.பி. கேள்வி.

2. டி.எச்.சி.பி. சர்வர் ஐ.பி. அட்ரஸைத் தருவதோடு, "பூட் ஃபைல் இன்ன இடத்தில், இன்ன பெயரில் இருக்கிறது" என்றும் சொல்லும்.

3. டி.எஃப்.டி.பி. என்ற எளிய முறையில் அந்தச் சின்ன பூட் லோடர் இறங்கும். பழைய பயாஸ் மெஷினுக்கு ஒரு ஃபைல், யு.இ.எஃப்.ஐ. மெஷினுக்கு வேறு ஃபைல்.

4. பூட் லோடர், கெர்னலையும் அதற்குத் துணையான தற்காலிக ஃபைல் சிஸ்டத்தையும் இறக்கி ஓட விடும்.

5. இன்ஸ்டாலர் தொடங்கும். "எந்த மொழி? எந்த டிஸ்க்? பாஸ்வேர்டு என்ன?" என்று அது வழக்கமாக நம்மைக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு விடைத்தாள் ஃபைலை நெட்வொர்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

6. டிஸ்கைப் பிரித்து, பேக்கேஜ்களை நிறுவி, கடைசியில் நாம் எழுதிய ஸ்கிரிப்டை ஓட்டி, "முடிஞ்சது" என்று தகவல் சொல்லிவிட்டு ரீபூட் ஆகும்.

அந்தக் கடைசித் தகவல் முக்கியம். அது போய்ச் சேராவிட்டால், நெட்வொர்க்கை முதலில் பார்க்கும்படி வைத்துள்ள மெஷின் ரீபூட்டானதும் மறுபடி நெட்வொர்க் வழியே பூட் ஆகி, போட்ட ஓ.எஸ்.ஸை அழித்து முதலிலிருந்து போட ஆரம்பிக்கும். செக்கு மாடு மாதிரி அதையே சுற்றிக்கொண்டிருக்கும்!

ஒரு ஓ.எஸ். போதாதா?

போதாது. ஒரு சாதாரண ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்களின் ஈ.ஆர்.பி.யான எஸ்.ஏ.பி.யின் ஹானா டேட்டாபேஸ், சூசே லினக்ஸ் எண்டர்பிரைஸ் அல்லது ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் மேல்தான் அதிகாரபூர்வமாக ஓடும். ஊழியர்களின் லாகின் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரிக்கு விண்டோஸ் சர்வர் வேண்டும். கேமரா மூலம் குறைபாடு கண்டுபிடிக்கும் புதிய சாஃப்ட்வேரை எழுதிய இளைஞர்கள் உபுண்டுவில் எழுதியிருப்பார்கள். ஆக ஒரே அறையில் மூன்று குடும்பம். நிறுவும் சாஃப்ட்வேருக்கு ஒன்றுதான் தெரியும் என்றால், மற்ற இரண்டுக்கும் பழையபடி பென் டிரைவும் கையும்தான்.

நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை 2007 ஜனவரியில் வெளியிட்டது. அதே காலகட்டத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறத் தொடங்கியது. 2011 செப்டம்பரில் ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டுமே இருந்தன. பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் அவை கிடைத்தன. லட்சக்கணக்கான மெஷின்களில் இரண்டிரண்டு ஓ.எஸ். என்றால், ஒவ்வொன்றின் முன்னாலும் ஆள் உட்கார்ந்து போட்டிருக்க முடியுமா?

இதைவிடப் பெரிய பாடம் 2020 டிசம்பர் 8ஆம் தேதி வந்தது. உலகெங்கும் இலவசமாகப் பயன்பட்டு வந்த சென்ட்ஓ.எஸ். 8க்கு 2029 வரை பராமரிப்பு கிடைக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2021 டிசம்பர் 31 உடன் நிறுத்திவிடப் போவதாக அன்று அறிவிப்பு வெளியானது. அந்த இடத்தை நிரப்ப 2021 மார்ச்சில் அல்மாலினக்ஸும், ஜூனில் ராக்கி லினக்ஸும் முதல் நிலையான பதிப்பை வெளியிட்டன. பிறகு சென்ட்ஓ.எஸ். 7ம் 2024 ஜூன் 30 உடன் முடிந்தது. அதன் பேக்கேஜ்கள் "வால்ட்" என்ற காப்பகத்துக்குப் போய்விட்டதால், பழைய டவுன்லோட் முகவரியை நம்பி எழுதிய விடைத்தாள்கள் வேலை செய்யாமல் போயின. ஒரே ஓ.எஸ்.ஸை நம்பி எல்லாவற்றையும் கட்டியவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இன்னொன்றுக்கு வழி வைத்திருந்தவர்கள் நிம்மதியாக மாறிக்கொண்டார்கள்.

விடைத்தாள் ஒன்று, மொழி பல

ஓசூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைக்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். தமிழில் கேட்டால் தமிழில் பதில். தெலுங்கில் கேட்டால் தெலுங்கு. கன்னடத்தில் கேட்டால் கன்னடம். பொருள் ஒன்றுதான், தராசு ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். பேச்சு மட்டும் ஆளுக்குத் தக்கபடி மாறுகிறது. நிறுவும் சாஃப்ட்வேரும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

"இந்த சர்வருக்கு இந்தப் பெயர், இந்த ஐ.பி., ரூட்டுக்கு 50 ஜி.பி., வெப் சர்வர் பேக்கேஜ் வேண்டும்" என்பது பொருள். அதை ஒவ்வொரு ஓ.எஸ்.ஸுக்கும் அதனதன் மொழியில் சொல்ல வேண்டும். ரெட்ஹேட் குடும்பத்தின் விடைத்தாளுக்குப் பெயர் கிக்ஸ்டார்ட். டெபியனுக்கு பிரிசீட். சூசே எண்டர்பிரைஸில் 15ஆம் பதிப்பு வரை ஆட்டோயாஸ்ட், அது எக்ஸ்.எம்.எல்.லில் எழுதப்படும். விண்டோஸுக்கு அன்அட்டெண்ட், அதுவும் எக்ஸ்.எம்.எல்.தான், ஆனால் அமைப்பு முற்றிலும் வேறு. உபுண்டு சர்வர் முன்பு பிரிசீட்டில் இருந்தது. 2020 ஏப்ரலில் வந்த 20.04 பதிப்பிலிருந்து ஆட்டோஇன்ஸ்டால் என்ற புதிய முறைக்குப் போய்விட்டது. வி.எம்.வேரின் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. கேட்கும் ஃபைலின் பெயர் கிக்ஸ்டார்ட் ஃபைலைப் போலவே இருக்கும். உள்ளே எழுதும் கட்டளைகள் வேறு. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

புது ஓ.எஸ்.ஸைச் சேர்ப்பது எப்படி?

2006ல் ரெட்ஹேட்டில் மைக்கேல் டெஹான் எழுதத் தொடங்கிய காப்ளர் என்ற சாஃப்ட்வேரைப் பார்ப்போம். (இவரே பின்னர் 2012ல் ஆன்சிபிளை உருவாக்கியவர்.) காப்ளர் விஷயத்தை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. ஓ.எஸ். எது என்பது "டிஸ்ட்ரோ". அதை எந்த வேலைக்காக, எந்த விடைத்தாளோடு போடுவது என்பது "புரொஃபைல்". குறிப்பிட்ட இந்த மெஷின் என்பது "சிஸ்டம்". இப்படிப் பிரித்ததால் புது ஓ.எஸ். வரும்போது மேல் அடுக்கில் சேர்த்தால் போதும். மெஷின் பட்டியலைத் தொட வேண்டியதில்லை.

சரி, ஒரு ஐ.எஸ்.ஓ. டிஸ்கைக் கொடுத்ததும் அது எந்த ஓ.எஸ். என்று காப்ளருக்கு எப்படித் தெரிகிறது? அதனிடம் அங்க அடையாளப் பட்டியல் ஒன்று இருக்கிறது. இந்தப் பெயரில் ஒரு பேக்கேஜ் ஃபைல் இருந்தால் இது இன்ன பதிப்பு. இதன் கெர்னல் இந்த இடத்தில் இருக்கும். இதற்கு மாதிரி விடைத்தாள் இது என்று அதில் எழுதியிருக்கும். ராக்கி வந்தபோது நடந்ததை யோசியுங்கள். சென்ட்ஓ.எஸ். டிஸ்கில் "சென்ட்ஓ.எஸ்.-ரிலீஸ்" என்று தொடங்கும் ஃபைல் இருக்கும். ராக்கியில் அது "ராக்கி-ரிலீஸ்". உள்ளே இருப்பது அநேகமாக ஒன்றே என்றாலும், பட்டியலில் அந்தப் பெயர் இல்லாத சாஃப்ட்வேர் "இது யாருன்னே தெரியலை" என்று கையை விரித்துவிடும். இங்கே செய்ய வேண்டியது புதிதாக எழுதுவது அல்ல. அடையாளத்தில் ஒரு பெயரைச் சேர்ப்பதுதான்.

அதனால் முதல் கேள்வி எப்போதும் "இது எந்தக் குடும்பம்?" என்பதாக இருக்க வேண்டும். நிறுவிய லினக்ஸில் ஓ.எஸ்.-ரிலீஸ் என்ற ஃபைலைத் திறந்தால், அதில் சொந்தப் பெயரும் இருக்கும். "நான் இன்னாரைப் போன்றவன்" என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். சொந்தப் பெயரை மட்டும் சோதித்து எழுதிய ஸ்கிரிப்ட் புதியவர் வந்ததும் உடையும். குடும்பத்தையும் சோதிப்பது தாங்கும். 2009ல் தொடங்கிய ஃபோர்மேன் என்ற சாஃப்ட்வேரும் ரெட்ஹேட், டெபியன், சூசே, விண்டோஸ் என்று குடும்பவாரியாகத்தான் பிரித்து வைத்திருக்கிறது. பாஸ் லினக்ஸைச் சேர்க்க நினைப்பவர் டெபியனிலிருந்து தொடங்கினால் பாதி கிணறு தாண்டியது போல.

மீதிப் பாதி கிணறு

விடைத்தாளை மொழிபெயர்த்தால் ஓ.எஸ். ஏறிவிடும். வேலை செய்யுமா என்பது வேறு விஷயம். அப்பாச்சி வெப் சர்வரின் பேக்கேஜ் பெயர் ரெட்ஹேட்டில் எச்.டி.டி.பி.டி.; டெபியனில் அப்பாச்சி2. நிர்வாகி அதிகாரம் பெறும் குழுவின் பெயர் அங்கே வீல், இங்கே சூடோ. பாதுகாப்புக்கு அங்கே எஸ்.ஈ.லினக்ஸ், உபுண்டுவில் ஆப்ஆர்மர். ஐ.பி. அட்ரஸை எழுதும் ஃபைலே மாறும்: உபுண்டு சர்வரில் நெட்பிளான், டெபியனில் இன்டர்ஃபேசஸ் ஃபைல், ரெட்ஹேட்டில் நெட்வொர்க் மேனேஜர். முன்பு ஈத்0 என்று இருந்த கார்டின் பெயர், இப்போது அது சொருகியிருக்கும் இடத்தை வைத்து மாறுகிறது. எனவே கார்டைப் பெயரால் அல்ல, அதன் மேக் அட்ரஸால் குறிப்பிடுவதே நல்லது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது டிஸ்க். கிக்ஸ்டார்ட்டில் "எல்லாவற்றையும் அழி" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். டிஸ்க் எது என்று சொல்லாமல் அந்த வரியை எழுதினால், டேட்டா இருக்கும் இரண்டாவது டிஸ்கும் சேர்ந்து போகும். சாட்டா டிஸ்குக்கு ஒரு பெயர், என்.வி.எம்.இ.க்கு வேறு பெயர், விர்ச்சுவல் மெஷினில் இன்னொரு பெயர். புது ஓ.எஸ்.ஸுக்கு விடைத்தாள் எழுதும்போது முதலில் சரிபார்க்க வேண்டிய வரி இதுதான். ஓர் ஆலையின் மூன்று வருடக் கணக்கு அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால் மிகையாகாது.

ஹார்டுவேரையும் மறக்கக் கூடாது. 2025 மே மாதம் வந்த ரெட்ஹேட் 10, ஏ.வி.எக்ஸ்.2 போன்ற கட்டளைகள் உள்ள பிராசஸரைக் கேட்கிறது. இன்டெல்லில் அவை 2013ல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையிலிருந்துதான் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய சர்வரில் இந்த ஓ.எஸ். போகாது. அல்மாலினக்ஸ் 10 அப்படிப்பட்ட பழைய மெஷின்களுக்கென்று தனிப் பதிப்பு தருகிறது. "ஆதரவு உண்டு" என்று எழுதும் முன், எந்த மெஷினில் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இமேஜ் என்னும் குறுக்கு வழி

இன்ஸ்டாலரையே ஓட்டாமல், ஏற்கெனவே தயாரான டிஸ்க் இமேஜை அப்படியே இறக்கிவிடும் முறையும் உண்டு. உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் 2012ல் கொண்டுவந்த மாஸ் என்ற சாஃப்ட்வேர் இன்று செய்வது இதைத்தான். நம் சென்னையில் வேரூன்றிய ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு தரும் ஓ.எஸ். டெப்ளாயரும் விண்டோஸுக்கு இமேஜ் முறையையே கையாள்கிறது.

இதில் வேகம் அதிகம். ஒவ்வொரு இன்ஸ்டாலரின் மொழியையும் கற்க வேண்டாம். ஆனால் இமேஜ் எடுக்கும் முன் மெஷினின் தனி அடையாளங்களைத் துடைக்க வேண்டும். விண்டோஸில் அதற்கு சிஸ்பிரெப் இருக்கிறது. லினக்ஸில் மெஷின் ஐ.டி.யையும் எஸ்.எஸ்.எச். சாவிகளையும் நீக்க வேண்டும். மறந்தால் ஐம்பது சர்வரும் ஒரே சாவியோடு பிறக்கும். ஒன்றின் சாவி வெளியே போனால் ஐம்பதின் பூட்டும் போனது மாதிரி!

சேர்த்தால் போதுமா, காப்பாற்ற வேண்டாமா?

ஐந்து ஓ.எஸ்., ஒவ்வொன்றிலும் மூன்று பதிப்பு, பயாஸ் அல்லது யு.இ.எஃப்.ஐ., இரண்டு வகை டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம். 5 × 3 × 2 × 2 = 60 விதம். ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் ஒரு முறை முழுதும் சோதிக்க 20 மணி நேரம். இன்னும் ஒரு ஓ.எஸ். சேர்த்தால் 60 என்பது 72 ஆகும். ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் இது திரும்ப நடக்க வேண்டும். எனவேதான் நல்ல குழுக்கள் சோதனையையும் விர்ச்சுவல் மெஷின்களில் தானாகவே ஓட விடுகின்றன. சேர்ப்பது ஒரு நாள் வேலை, காப்பாற்றுவது பல வருட வேலை. காலாவதியானதைப் பட்டியலிலிருந்து எடுப்பதும் அந்த வேலையில் அடக்கம். சோதிக்காத பத்து ஓ.எஸ். பெயர்களைவிட, சோதித்த மூன்று மேல்.

நாமே செய்து பார்க்கலாம்

இதற்கு சர்வர் ரூம் வேண்டியதில்லை. 8 ஜி.பி. ராம் உள்ள ஒரு கம்ப்யூட்டரும் விர்ச்சுவல்பாக்ஸும் போதும். ஒரு விர்ச்சுவல் மெஷினில் டெபியன் போட்டு, அதில் டி.என்.எஸ்.மாஸ்க்கை நிறுவுங்கள், டி.எச்.சி.பி., டி.எஃப்.டி.பி. இரண்டையும் அந்த ஒன்றே பார்த்துக்கொள்ளும். காலி டிஸ்க் உள்ள இன்னொரு விர்ச்சுவல் மெஷினை நெட்வொர்க் வழியே பூட் செய்யுங்கள். முதலில் பிரிசீட்டில் டெபியன். அது வந்ததும் கிக்ஸ்டார்ட்டில் அல்மாலினக்ஸ். இரண்டு விடைத்தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பொது, எது வேறு என்பது கண்ணுக்கே தெரியும். பொதுவானதை ஒரு ஃபைலில் எழுதி, அதிலிருந்து இரண்டையும் தயாரிக்கும் சிறிய பைத்தான் நிரலை எழுதிவிட்டால், அதுவே இறுதியாண்டு புராஜெக்டாக நிற்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விர்ச்சுவல்பாக்ஸில் "இன்டர்னல் நெட்வொர்க்" மட்டுமே வைத்துச் செய்யுங்கள். இந்தப் புது டி.எச்.சி.பி.யைக் கல்லூரி லேனில் தெரியாத்தனமாக இணைத்தால், லேப் மெஷின்களுக்கெல்லாம் தப்பு அட்ரஸ் போகும். நெட்வொர்க்கில் பூட் ஆகும் மெஷின் ஏதாவது இருந்தால் அதன் டிஸ்க்கும் காலி!

நண்பர்களே, "நெக்ஸ்ட்" பட்டனை அழுத்த நாளை ஆள் தேவைப்படாது என்பதை மறுப்பதற்கில்லை. அந்த வேலை குறைந்துகொண்டேதான் போகும். ஆனால் அழுத்தாமல் நடக்கும்படி விடைத்தாள் எழுதவும், அது தவறினால் எந்தப் படியில் தவறியது என்று கண்டுபிடிக்கவும், நாளைக்கு இன்னொரு ஓ.எஸ். வந்தால் பதறாமல் அதன் குடும்பத்தைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளவும் ஆள் தேவை. எல்லைக்கு இந்தப் பக்கமும் தேவை, அந்தப் பக்கமும் தேவை. இதற்குப் பட்டம் வேண்டாம். பொறுமையும், இரண்டு விர்ச்சுவல் மெஷினும், ஒரு வார விடுமுறையும் போதும். வருகிற விடுமுறையிலேயே தொடங்குங்கள்!